சுவிசுக்குப் போகிறீர்களா? அலெட்ச் பனியாற்றையும் பார்த்துவிட்டு வாருங்கள்: வன்னியிலிருந்து புறப்படுவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

வட்டக்கச்சி, முரசுமோட்டை, உருத்திரபுரம் என்று எங்கள் பக்கத்தில் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் சுவிசில் பிள்ளையோ சகோதரமோ இருக்கிற ஒரு வீடாவது இருக்கும். விசா கிடைத்துப் போய்வந்தவர்களும் நிறையப் பேர். அவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பேரப்பிள்ளையின் பிறந்தநாள், இரண்டு சாமத்தியவீடு, ஒரு கோவில் திருவிழா, நாலு கடைத்தெரு என்று சொல்லி முடித்துவிடுவார்கள். மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தவர்கூடப் பனியாறு, அதாவது மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பெரும் பனிக்கட்டி, பார்த்ததாகச் சொல்வது குறைவு. பேர்ண் நகரிலிருந்து இரண்டரை மணித்தியாலத்தில் ஐரோப்பிய அல்ப்ஸ் மலைகளின் மிகப் பெரிய பனியாற்றின் அருகே போய்விடலாம் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நானும் மனைவியும் 2023 ஜூலையில் மகன் குடும்பத்தோடு போனோம். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற குடும்பம் நாங்கள். எங்களைப் போன்றவர்கள் அந்தப் பனியாற்றைப் பார்ப்பதும் மற்றச் சுற்றுலாப் பயணிகள் பார்ப்பதும் ஒன்றல்ல. குளத்துத் தண்ணீரை நம்பி வாழ்கிறவனுக்கு அது மேலே கட்டிவைத்த குளம். அது வற்றிக்கொண்டும் இருக்கிறது. அதனால்தான் வேலை மினக்கெட்டு இதை எழுதுகிறேன்.

எந்தப் பனியாறு, எந்த ஊர்

சுவிசில் பனியாறு பார்க்கப் பல வழிகள் உண்டு. எல்லோரும் சொல்வது யுங்பிராவ்யோக். 1912இல் திறந்த மலை ரயிலில் 3,454 மீற்றர் உயரத்துக்கே போய் இறங்கலாம். அருமையான இடம்தான். ஆனால் கட்டணம் மிக அதிகம், சனமும் அதிகம். கடல்மட்டத்தை ஒட்டிய ஊரில் வாழ்ந்த வயதானவர்களுக்கு அந்த உயரத்தில் மூச்சு வாங்கும். பூர்க்கா கணவாய்ப் பக்கம் றோன் பனியாறு இருக்கிறது. அதன் ஓரத்தில் பனிக்குகை குடைந்து, கோடையில் உருகாமல் இருக்க வெள்ளைத் துணியால் போர்த்தி வைத்திருக்கிறார்கள். அங்கே போக வாகனம் இருந்தால் வசதி.

நான் சொல்வது மூன்றாவது வழி. வாலிஸ் மாநிலத்தில், பெரிய அலெட்ச் பனியாற்றின் தெற்குக் கரை மலையில் றீடர்அல்ப், பெட்மர்அல்ப், பீஷர்அல்ப் என்று மூன்று சிறு ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. மூன்றுக்கும் கேபிள் கார் உண்டு. மூன்றிலிருந்தும் இன்னொரு கேபிள் கார் ஏறினால் பனியாறு கண்முன்னே. எங்கள் ஆட்களுக்கு நான் சிபாரிசு செய்வது பெட்மர்அல்ப். தங்குமிடமும் கடைகளும் உண்டு, பாதைகளும் பெரும்பாலும் சமதரை.

உயரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர். பெட்மர்அல்ப் அதைவிடச் சற்றுத்தான் கூட, ஏறக்குறைய 1,950. நுவரெலியாவுக்குப் போய்ச் சுகமாகத் திரும்பியவர் அங்கேயும் இரவு தங்கலாம். மேலே எக்கிஸ்ஹோர்ன் கேபிள் கார் நிலையம் மட்டும் கிட்டத்தட்ட 2,870 மீற்றர். அது எங்கள் பீதுருதாலகாலையைவிட உயரம். அங்கே ஒன்றிரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டு இறங்கிவிடலாம்.

எப்போது போவது

கோடைக்கான கேபிள் கார்கள் ஜூன் நடுப்பகுதியில் தொடங்கி ஒக்ரோபர் நடுப்பகுதி அல்லது கடைசி வரை ஓடும். மேயிலும் நவம்பரிலும் பராமரிப்புக்காகப் பலவற்றை நிறுத்திவிடுவார்கள். அந்த மாதங்களில் போய் மலையடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்துப் பயனில்லை. குளிர்காலத்தில் ஓடும், ஆனால் அப்போது எல்லாமே வெள்ளை. பனியாற்றுக்கும் பக்கத்து மலைக்கும் வித்தியாசம் தெரியாது.

எங்கள் பயிர்க்காலத்தோடு பொருத்திப் பார்த்தால், சிறுபோகப் பங்கு கிடைக்காத வருடம்தான் வசதி. வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த கையோடு புறப்பட்டு, காலபோக உழவுக்கு முதல் வந்துவிடலாம். பனியாறு பார்க்க ஓகஸ்ட் கடைசியும் செப்ரெம்பரும் இன்னும் நல்லது. மேலே கிடந்த புதுப்பனி உருகி, கீழே இருக்கிற பழைய பனிக்கட்டியின் வரிகள் தெளிவாகத் தெரியும் காலம் அது.

கடதாசி வேலை

இதில்தான் எங்கள் ஆட்கள் அதிகம் சறுக்குகிறார்கள். அவசரமில்லாமல், குறைந்தது நாலைந்து மாதத்துக்கு முன்னர் தொடங்குங்கள்.

முதலில் கடவுச்சீட்டு. திரும்பி வரும் நாளுக்குப் பிறகு இன்னும் மூன்று மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும், கடந்த 10 வருடங்களுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கங்களும் வேண்டும். புதிதாக எடுப்பதற்குக் கொழும்புக்கே போக வேண்டியதில்லை, வவுனியாவில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களிடம் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் இருக்காது. பதிவு இருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பிரதி எடுக்கலாம். பதிவே இல்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒரு நடைமுறை உண்டு. இரண்டுக்கும் நாள் எடுக்கும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்திவிடுங்கள். அழைக்கிற பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறதோ, அப்படியே உங்கள் கடவுச்சீட்டிலும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அடுத்தது விசா. 180 நாட்களுக்குள் 90 நாள் வரை தங்கக்கூடிய செங்கன் குறுங்கால விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பயண நாளுக்கு 6 மாதத்துக்கு முன்னரிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் ஏற்கமாட்டார்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. கொழும்பில் விண்ணப்ப நிலையத்துக்கு நேரில் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும். பயணக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பெற்றோருக்குப் பணவசதி போதாது என்று கருதினால், அழைக்கிற பிள்ளையிடம் 30,000 பிராங்குக்கான பொறுப்பேற்புப் பத்திரம் கேட்பார்கள். அதை அந்த ஊர் அல்லது மாநில அலுவலகம் உறுதிப்படுத்தும்.

விண்ணப்பத்தைப் பார்க்கிறவர் தேடுவது ஒன்றைத்தான். இவர் திரும்பி வருவாரா? வன்னிக் கமக்காரனிடம் அதற்கான ஆதாரம் இருக்கிறது, அவன் அதைக் கொண்டுபோவதில்லை. காணி உறுதி, இல்லையென்றால் காணி அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம், வயல் உங்கள் பெயரில் இருப்பதாகக் கமநல சேவை நிலையம் தரும் கடிதம், நெல் விற்ற காசு வரவான வங்கிக் கணக்கு விபரம், உழவு இயந்திரத்தின் பதிவுப் புத்தகம், ஊரில் இருக்கிற மற்றப் பிள்ளைகளின் விபரம். இவை எல்லாவற்றையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்துக்கு மாற்றி இணையுங்கள். ஒரு பக்கக் கடிதத்தில் யாரைப் பார்க்கப் போகிறீர்கள், எத்தனை நாள், எந்த விதைப்புக்கு முன்னர் திரும்புவீர்கள் என்று நேராக எழுதுங்கள். உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும்.

பெட்டியில் என்ன வைப்பது, என்ன வைக்கக்கூடாது

பிள்ளைக்குப் பிடிக்கும் என்று கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் கறிவேப்பிலையும் கட்டாதீர்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பழம், மரக்கறி, இலை வகை எதையும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் சுவிசுக்குள் கொண்டுபோகக்கூடாது. வாழைப்பழம், தேங்காய், அன்னாசி போல ஒரு சிலதுக்குத்தான் விலக்கு. இறைச்சி, நெய், தயிர் போன்றவையும் கூடாது. மிளகாய்த்தூள், ஒடியல் மா, புளுக்கொடியல், எள்ளுருண்டை என்று காய்ந்த சாமான்களாகப் பார்த்துக் கொண்டுபோங்கள்.

உடுப்பைப் பொறுத்தவரை, ஊரில் பெரிய ஜக்கெற் தேடி அலைய வேண்டாம். ஒரு தடித்த சட்டையைவிட மூன்று மெல்லிய சட்டை மேல். உள்ளே உடம்போடு ஒட்டிய பனியன், நடுவில் கம்பளி, வெளியில் காற்றும் மழையும் புகாத ஒன்று. கேபிள் காரில் வேர்க்கும், மேலே இறங்கியதும் காற்று முகத்தில் அறையும். அப்போது ஒன்றைப் போட்டு ஒன்றைக் கழற்ற வசதியாக இருக்கும். 100 மீற்றர் ஏறினால் அரைப் பாகைக்குச் சற்று மேல் வெப்பம் குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேர்ணில் 28 பாகை வெயில் காய்கிற நாளில் எக்கிஸ்ஹோர்னில் 13, 14 பாகைதான் இருக்கும்.

சேலை உடுக்கிற அம்மாமாருக்கு ஒரு வார்த்தை. கீழே ஊருக்குள் சேலை பரவாயில்லை. மேலே காற்றுக்கும் கல்லுக்கும் சரிவராது. என் மனைவி வாழ்க்கையில் முதல்முறையாக நீளக் காற்சட்டை போட்டது அங்கேதான். அரை மணித்தியாலத்தில் பழகிவிட்டது.

சப்பாத்து மட்டும் நல்லதாக வேண்டும். அடிப்பகுதி பிடிப்பாக, கணுக்காலை மூடியதாக இருக்கட்டும். புதிதாக வாங்கினால் ஒரு கிழமை வீட்டைச் சுற்றிப் போட்டு நடந்துவிட்டுப் போங்கள். கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் வெயில் கிறீமும் கட்டாயம். எங்களுக்கு வெயில் புதிதில்லை என்று நினைப்போம். பனி வெயிலைத் திருப்பி அடிக்கும், கண் எரிந்து இரவு முழுக்கத் தண்ணீர் வடியும்.

பிரஷர், சீனி வருத்தம் உள்ளவர்கள் மருந்தைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போட வேண்டாம். கிளினிக் கொப்பியோடு ஆங்கிலத்தில் ஒரு வைத்தியர் கடிதமும் வைத்திருங்கள். இருதய வருத்தம் உள்ளவர்கள் 2,900 மீற்றர் உயரத்துக்குப் போகலாமா என்று வைத்தியரிடம் நேரடியாகக் கேளுங்கள். அங்கே காற்றின் அழுத்தம் எங்கள் ஊரில் இருப்பதில் ஏறக்குறைய 70 வீதம்தான்.

பேர்ணிலிருந்து பெட்மர்அல்ப் வரை

சூரிச்சில் இறங்கிய மறுநாளே மலைக்குப் போகாதீர்கள். ஒரு கிழமை பிள்ளை வீட்டில் இருந்து நித்திரை சீராகட்டும்.

பேர்ணிலிருந்து பிரிக் நகருக்கு ரயில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். வழியில் லெற்ஸ்பேர்க் அடிச்சுரங்கம் வரும். 2007இல் திறந்தது, 34.6 கிலோமீற்றர் நீளம். காது அடைத்தால் எச்சிலை விழுங்குங்கள். சுரங்கத்துக்கு வெளியே வந்ததும் ஊரே வேறு மாதிரி இருக்கும். இந்தப் பக்கம் மழை குறைவு, வெயில் அதிகம், மலைச்சரிவெல்லாம் காய்ந்த நிறம். எனக்கு ஆடி மாத வன்னி ஞாபகம் வந்தது.

பிரிக்கில் பெரிய ரயிலை விட்டு இறங்கி, நிலையத்துக்கு முன்னால் முற்றத்தில் நிற்கிற சிறிய சிவப்பு ரயிலில் ஏற வேண்டும். அது பீஷ் பக்கம் போகிற ரயில். மேரலில் இறங்கினால் றீடர்அல்ப், பெட்டன் தால்ஸ்டாட்சியோனில் இறங்கினால் பெட்மர்அல்ப், பீஷில் இறங்கினால் பீஷர்அல்ப். பெட்டன் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கிய இடத்திலேயே கேபிள் கார். பத்து நிமிடத்தில் மேலே போய்விடுவீர்கள். பயந்த சுபாவமுள்ளவர்கள் நடுவில் நின்று தூரத்து மலையைப் பாருங்கள், கீழே பார்க்க வேண்டாம்.

ரிக்கெற் விடயத்தைப் பிள்ளைகளிடமே விடுங்கள். ஆனால் மூன்று சொற்களை அவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள்: அரைக்கட்டண அட்டை, முன்கூட்டி எடுக்கும் நாள் அட்டை, ஊர்ச் சபையில் வாங்கும் நாள் அட்டை. முதல்நாள் எடுப்பதற்கும் ஒரு மாதம் முன்னர் எடுப்பதற்கும் விலையில் பெரிய வித்தியாசம். மலையில் ஓடுகிற கேபிள் காருக்கு இவை எந்த அளவுக்குச் செல்லும் என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊரைப் பற்றி

பெட்மர்அல்ப்பில் கார் கிடையாது. கேபிள் கார்தான் ஊரின் வாசல். வெயிலில் காய்ந்து கறுத்த மரவீடுகள், யன்னல் முழுக்கச் சிவப்புப் பூ, நடுவில் ஒரே ஒரு நீளமான தெரு. ‘அல்ப்’ என்றால் கோடைக்கால மேய்ச்சல் நிலம். முந்திக் கீழ் ஊரில் இருந்தவர்கள் கோடை வந்ததும் மாட்டைச் சாய்த்துக்கொண்டு மேலே வந்து, குளிருக்கு முன்னர் இறங்குவார்கள். வயல் விதைத்ததும் பட்டி மாட்டைக் காட்டுக்கரைக்குச் சாய்க்கிற எங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன்பாதி கறுப்பு, பின்பாதி வெள்ளையாக ஓர் ஆடு அந்த மாநிலத்தில் இருக்கிறது. யாரோ மையில் பாதி தோய்த்து எடுத்தது போல இருக்கும், பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

வாலிஸ் கிராமங்களில் பழைய தானியக் களஞ்சியங்களையும் கவனியுங்கள். எங்கள் கொம்பறை போல நிலத்திலிருந்து உயர்த்தி, மரக்கால்களின் மேல் நிற்கும். ஒவ்வொரு காலுக்கும் மேலே அகலமான வட்டக் கல் ஒன்று வைத்திருப்பார்கள். எலி காலில் ஏறி வந்தாலும் அந்தக் கல்லைத் தாண்ட முடியாது. எங்கள் ஆட்கள் யோசித்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

ஊர் ஓரத்து மேட்டில் வெள்ளையாக ஒரு சிறு தேவாலயம், பனிமாதா ஆலயம். 1679இல் கட்டியது. மடுவுக்கு நேர்த்தி வைத்து நடந்தவர்கள் அங்கே ஒரு நிமிடம் நிற்காமல் வரமாட்டார்கள்.

சாப்பாட்டுக்கு உணவகம் உண்டு, விலை கூட. நாங்கள் பேர்ணிலிருந்தே புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டிக்கொண்டு போனோம். ஒரு நாள் பயணத்துக்கு அதுதான் சரி. தண்ணீர்ப் போத்தல் வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். மரத்தொட்டியில் விழுகிற ஊற்று நீரைப் பிடித்துக் குடிக்கலாம், ‘கைன் டிரிங்க்வாசர்’ (குடிதண்ணீர் அல்ல) என்று எழுதியிருக்கிற இடத்தைத் தவிர.

மேலே ஏறும் நாள்

நாங்கள் முதல் தடவை போனபோது எதுவும் தெரியவில்லை. கீழே நல்ல வெயில், மேலே போனால் பால் ஊற்றினது போல முகில். ஒரு மணித்தியாலம் நின்றோம், முன்னால் நின்ற கம்பிவேலிகூடத் தெரியவில்லை. காசும் போய், மனைவி குளிரில் நடுங்கித் திரும்பினோம். அன்று இரவு பேரன்தான் காட்டினான்: ஒவ்வொரு மலையுச்சியிலும் கமெரா இருக்கிறது, இந்த நிமிடம் அங்கே எப்படி இருக்கிறது என்று போனிலேயே பார்க்கலாம். ஆகவே காலையில் கமெராவைப் பாருங்கள், தெளிவாக இருந்தால் மட்டும் ரிக்கெற் எடுங்கள். முதல் கேபிள் காரிலேயே ஏறுங்கள். கோடையில் மத்தியானம் தாண்டினால் முகில் கூடும், பின்னேரம் இடிமுழக்கம் வரும்.

பார்க்கிற இடங்கள் மூன்று முக்கியம். றீடர்அல்ப்பிலிருந்து மூஸ்புளு, பெட்மர்அல்ப்பிலிருந்து பெட்மர்ஹோர்ன், பீஷர்அல்ப்பிலிருந்து எக்கிஸ்ஹோர்ன். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் எக்கிஸ்ஹோர்ன். அங்கிருந்து மட்டுமே பனியாறு பிறக்கிற இடம் முதல் வளைந்து இறங்குகிறது வரை ஒரே பார்வையில் விழும். முழங்கால் நோ உள்ளவர்களும் நிலையத்துக்கு வெளியே சில அடி நடந்தால் போதும்.

மேலே இறங்கியதும் ஓடாதீர்கள். பத்து நிமிடம் இருங்கள், தண்ணீர் குடியுங்கள், பிறகு மெதுவாக எழும்புங்கள். தலை இடித்தாலோ சத்தி வருவது போல இருந்தாலோ வீரம் காட்டாமல் அடுத்த கேபிள் காரில் இறங்கிவிடுங்கள். இறங்கினால் தானாகச் சரியாகும்.

பனியாற்றை எப்படிப் பார்ப்பது

முதல் பார்வையில் அது ஒரு பெருந்தெரு போல இருக்கும். நடுவால் இரண்டு கறுத்த கோடுகள், பெரிய உழவு இயந்திரம் ஒன்று போன தடம் மாதிரி. அது அழுக்கல்ல. மேலே மூன்று பனிவெளிகள் வந்து கொங்கோர்டியாபிளாற்ஸ் என்ற இடத்தில் ஒன்றாகச் சேருகின்றன. ஒவ்வொன்றும் தன் கரையில் உடைத்து அள்ளிவந்த கல், சேருகிற இடத்தில் நடுவுக்கு வந்துவிடுகிறது. இரண்டு வாய்க்கால் சேர்ந்த பிறகும் கலங்கல் தண்ணீரும் தெளிந்த தண்ணீரும் கொஞ்சத் தூரம் பிரிந்தே ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அந்தப் பிரிவு அடிவரைக்கும் போகிறது.

நீளம் ஏறக்குறைய 20 கிலோமீற்றர். கிளிநொச்சி நகரிலிருந்து வெளிக்கிட்டு ஆனையிறவைத் தாண்டுகிற தூரம். அந்த மூன்றும் சேருகிற இடத்தில் பனிக்கட்டியின் ஆழம் கிட்டத்தட்ட 800 மீற்றர். இரணைமடு நிரம்பினால் 36 அடி. அதைப் போல எழுபது இரணைமடுவை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்த ஆழம் வராது. நான் இந்தக் கணக்கைக் கடதாசியில் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பவும் யன்னலோரம் போய் நின்றேன்.

அது அசையாமல் கிடப்பது போலத் தெரிந்தாலும் நகர்கிறது. மேல்பகுதியில் வருடத்துக்கு 200 மீற்றர் வரை, ஒரு நாளைக்கு அரை மீற்றர் கணக்கு. மேலே விழுகிற பனி வருடக்கணக்கில் அமுங்கிக் கட்டியாகிறது, கட்டி தன் பாரத்தில் கீழே இறங்குகிறது, கீழே உருகுகிறது. வரத்தும் போக்கும் சமமாக இருந்தால் பனியாறு அதே அளவில் நிற்கும். எங்கள் குளமும் அதே கணக்கில்தானே நிற்கிறது. இப்போது அங்கே வரத்தைவிடப் போக்கு அதிகம். 2022, 2023 ஆகிய இரண்டே வருடத்தில் சுவிஸ் பனியாறுகள் மொத்தமாகத் தம் பனியில் 10 வீதத்தை இழந்துவிட்டன. அலெட்ச் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இருந்ததைவிட மூன்று கிலோமீற்றருக்கு மேல் சுருங்கிவிட்டது.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். எதிர் மலைச்சரிவில் ஒரு மட்டம் வரை பச்சையும் பழங்கல்லும் இருக்கும், அதற்குக் கீழே வெளிறிய வெறுங்கல். அந்தக் கோடுதான் முந்திப் பனி நின்ற மட்டம். சித்திரை, வைகாசியில் துருசுச் சுவரில் பழைய நீர்மட்டக் கறை தெரிவது மாதிரி.

மூஸ்புளுவில் இன்னொன்றைக் காணலாம். பனி பக்கவாட்டில் தாங்கிக்கொண்டிருந்த மலைச்சரிவு, பனி தாழ்ந்ததும் பிடிப்பில்லாமல் சரியத் தொடங்கியது. 2016 இலையுதிர்காலத்தில் வேகமாக அசைந்ததால் நடைபாதைகளை மூடினார்கள். கேபிள் கார் நிலையத்தையே நிலம் அசைந்தால் திருத்திக்கொள்ளக்கூடிய அத்திவாரத்தில் கட்டியிருக்கிறார்கள். குளத்தை மளமளவென்று இறைத்தால் உள்பக்க அணை சரியும் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதே சங்கதி. ஆகவே அங்கே பாதை மூடியிருக்கிறது என்று பலகை இருந்தால் தாண்டிப் போகவே கூடாது.

பனியின் மேல் நடக்க ஆசை வரும். வழிகாட்டி இல்லாமல் ஓர் அடிகூட வைக்காதீர்கள். மேலே மெல்லிய பனி மூடி, கீழே பல பனை ஆழத்துக்கு வெடிப்பு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பீஷர்அல்ப்பிலிருந்து மலை வழிகாட்டிகள் கயிறு கட்டிக் கூட்டிப் போவார்கள். அது முழு நாள் நடை. இளந்தாரிகள் போகட்டும்.

காட்டு வழியாக ஒரு நடை

நடக்கக் கூடியவர்கள் மூஸ்புளுவிலிருந்து அலெட்ச் காட்டுக்குள் இறங்கி றீடர்அல்ப்புக்கு வரலாம். 1933இலிருந்து பாதுகாக்கிற காடு. பல நூறு வருடம் வாழ்ந்த பைன் மரங்கள் முறுகித் திருகி நிற்கும், எங்கள் பாலையையும் முதிரையையும் போலப் பிடிவாதமான சாதி. வழியில் வழவழப்பான பெரிய கற்களைக் காண்பீர்கள். குனிந்து தொட்டுப் பாருங்கள். எல்லாக் கல்லிலும் மெல்லிய கீறல்கள், எல்லாம் ஒரே திசையில். அரிவாள் தீட்டின கல்லைத் தடவுவது போல இருந்தது. பனி தன் அடியில் கல்லை வைத்துத் தேய்த்துக்கொண்டே போன தடம் அது. நான் நின்ற அந்த இடத்தில் ஒரு காலத்தில் தலைக்கு மேலே பனி இருந்திருக்கிறது.

காட்டு ஓரத்தில் பெரிய பழைய மாளிகை ஒன்று தெரியும். ஏர்னெஸ்ற் கசெல் என்ற பிரித்தானிய வங்கியாளர் 1902இல் கட்டியது. இளவயதில் வின்ஸ்ரன் சேர்ச்சில் வந்து தங்கியிருக்கிறார். இப்போது இயற்கை பாதுகாப்பு நிலையம், தேத்தண்ணியும் குடிக்கலாம்.

நேர்த்தியும் வாய்க்காலும்

இந்த இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் திரும்பினால் பாதிதான் பார்த்ததாக அர்த்தம்.

முந்தி அந்தப் பக்கத்துப் பனியாறுகள் வளர்ந்து வந்து ஊரைப் பயமுறுத்தின. பனி அடைத்துவைத்த ஏரி உடைத்துக்கொண்டு பாய்ந்து கீழே ஊர்களை அழித்தது. பீஷ், பீஷர்தால் ஊர்ச்சனம் 1678இல் ஒரு நேர்த்தி வைத்தார்கள்: பனி வளராமல் நிறுத்து, நாங்கள் ஒழுக்கமாக வாழ்கிறோம் என்று. பிறகு வருடாவருடம் ஜூலை 31இல் விடிய முன்னரே ஊர்வலமாகக் காட்டுக் கோவிலுக்குப் போய் மன்றாடினார்கள். முன்னூறு வருடத்துக்கு மேல் அதே வேண்டுதல். பனி ஒடுங்கத் தொடங்கியதும் நேர்த்தியை மாற்ற வேண்டியதாயிற்று. வைத்த நேர்த்தியைத் தாங்களாக மாற்ற முடியாது என்று பாப்பரசரிடம் அனுமதி கேட்டார்கள். 2010இல் அனுமதி கிடைத்தது. இப்போது பனி போகாமல் இருக்க வேண்டும் என்று மன்றாடுகிறார்கள். ஜூலை கடைசியில் நீங்கள் அங்கே நின்றால் பீஷுக்குப் போய்ப் பாருங்கள்.

வாய்க்கால் கதையும் எங்களுடைய கதைதான். மழை குறைந்த அந்த மாநிலத்தில் புல்வெளிக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் பனி உருகின தண்ணீரைச் ‘சூவோனன்’ என்கிற வாய்க்கால்களால் கொண்டுவருகிறார்கள். சில இடத்தில் செங்குத்தான மலைச்சுவரில் மரப்பலகை அடித்துத் தண்ணீரைக் கொண்டுபோயிருக்கிறார்கள். யாருக்கு எந்த நாள், எத்தனை மணித்தியாலம் என்று முறை உண்டு, அதைப் பார்க்கத் தனி ஆள் உண்டு. வாய்க்காலில் ஒரு சிறு சில்லு, அதோடு ஒரு மரச்சுத்தியல். தண்ணீர் ஓடும்வரை டொக் டொக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் எங்கேயோ வாய்க்கால் உடைத்துவிட்டது என்று காவல்காரன் எழும்பி ஓடுவான். இந்த மரபு நீர்ப்பாசனத்தை யுனெஸ்கோ 2023இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் நான் இந்தச் சுத்தியல் கதையைச் சொன்னபோது யாரும் எழும்பிப் போகவில்லை.

திரும்பும்போது

கடைசிக் கேபிள் கார் எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே படம் எடுத்து வையுங்கள். அதைத் தவறவிட்டால் நடந்துதான் இறங்க வேண்டும்.

பிரிக்கில் பேர்ண் ரயிலுக்கு முன்னர் ஒரு மணித்தியாலம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்திலிருந்து நாற்றேர்ஸ் பக்கம் சில நிமிடம் நடந்தால் றோன் ஆற்றுப் பாலம் வரும். அலெட்ச் உருகுகிற தண்ணீர் மாசா என்ற ஆறாகி, கெபிடெம் அணையில் தேங்கி, பிச் என்ற இடத்தில் மின்சாரம் எடுத்த பிறகு, மேலேயே றோனில் சேர்ந்துவிடுகிறது. அங்கிருந்து ஜெனீவா ஏரி, பிரான்ஸ், பிறகு மத்தியதரைக் கடல். பாலத்தில் நின்று பார்த்தால் ஆறு நீலமாக இல்லை, அரிசி கழுவின தண்ணீர் நிறம். பனி அரைத்த கல்லின் மாவு அது. வெயில் நாளில் பின்னேரம் ஆற்றில் தண்ணீர் கூடியிருக்கும், பகலில் மேலே உருகியது அந்த நேரத்தில்தான் கீழே வந்து சேரும்.

நாங்கள் போன அன்று நல்ல வெயில். ஆறு கரை முட்டப் போனது. மனைவி பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “இவ்வளவு தண்ணியும் ஒரு நாளிலையோ?” என்று கேட்டார். மகன் ஓம் என்றான். ரயிலுக்கு நேரமாகும்வரை நாங்கள் மூவரும் அங்கேயே நின்றோம்.